சங்குக்கோட்டகத்துப் புயல் கந்தூரி

பினாங்கு
12-6-1972

அன்புள்ள அம்சத்துக்கு,

ரசியா எழுதுகிறேன். வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது.

ஐந்து வருஷமாகிவிட்டது. இங்கே வந்த புதிதில் உனக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் கோபம் எதற்கு என்று தெரியாதவள்போல அப்போது எழுதினேன். எனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று உன்னையும் உன் அம்மாவையும் கொல்லைப்பக்கம் தனியாக உட்கார வைத்து இலை போட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். இலையை மடித்து எறிந்துவிட்டு எழுந்து போனாய். சவரிமுத்து வாத்தியார் வகுப்பில் ஆறு வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணப் பெண் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உம்மாவின் கடிதம். உங்கள் தெற்குத் தெருவுக்குச் சர்க்கார் மனைப்பட்டா கொடுத்துவிட்டதாம். பண்ணை வைத்தியலிங்கம் இனிமேல் "என் மண்ணைக் காலி பண்ணு" என்று யாரையும் மிரட்ட முடியாதாம். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதே கடிதத்தில், நம் தர்காவில் நின்றுபோன புயல் கந்தூரி விழாவை இந்த நவம்பரில் மறுபடி நடத்த வாப்பா பாடுபடுகிறார், தெற்குத் தெருதான் குறுக்கே நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அது வாப்பாவின் பக்கத்து நியாயம். உன் பக்கம் என்ன? எனக்குத் தெரிய வேண்டும். இங்கே சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று ஆளுக்கொரு விழா எடுக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் நம் தர்கா வாசலில் பச்சைக் கொடியும் மாரியம்மன் கோயில் மஞ்சள் கொடியும் மாதா கோயில் நீலக் கொடியும் சேர்ந்து புறப்படுவதுதான் கண்ணில் வருகிறது.

பதில் எழுத மனமில்லாவிட்டால் பரவாயில்லை.

ரசியா பேகம்


சங்குக்கோட்டகம்
3-7-1972

ரசியாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்துப் படித்தேன்.

ஜன்னலில் நின்றதை நீயாகவே எழுதியிருக்கிறாய். அதனால்தான் இந்தப் பதில்.

நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. கூட நிற்கிறோம் என்றுதான் கேட்கிறோம். உனக்கு மூன்று கொடி ஞாபகம் வருகிறது. எனக்குக் கயிறு. தர்காக் கிணற்றடியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் தேங்காய்நார்க் கயிறு ஒன்று கட்டுவார்களே, அது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் தெரு, பண்ணை வீட்டார், மாதா கோயில் தெரு எல்லாரும் ஒரே வரிசையில் கஞ்சி குடிப்பீர்கள். இந்த ஊரைப்போல ஒற்றுமை உண்டா என்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஊர்வலத்துக்கு முன்னால் பறையடித்துக்கொண்டு போவதும் நாங்கள்தான். கொடி மட்டும் எங்கள் தெரு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும்.

நீ போன மறுவருஷம், அறுபத்தெட்டில், அப்பா சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே வரிசை. கொடி எங்க தெருவுக்குள்ளயும் வரணும். இல்லாட்டி பறை இல்ல." கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். பண்ணை முடியாது என்றார். உன் வாப்பாவும் பண்ணைக்குத்தான் தலையாட்டினார். அத்தோடு கந்தூரி நின்றது. அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர் இப்போது நான்தான். தெருவுக்கு மனு எழுதுவதும் நான்தான். மனைப்பட்டாவுக்கும் நான்தான் எழுதினேன்.

போன மாதம் தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். அவருக்கு ஒரே கேள்விதான்: "மாமூல் என்ன?" வழக்கமாக நடந்துவந்தது எது என்று. கயிறுதான் மாமூல் என்றார் பண்ணை. அம்மா எழுந்து நின்றாள். "ஐயா, அம்பத்திரண்டு புயல்ல ஊரே தர்காவுலதான் கெடந்துச்சு. மூணு நாளும் கஞ்சி காச்சினது நாந்தாங்க. எல்லாரும் என் கையாலதான் வாங்கிக் குடிச்சாங்க. அப்பக் கயிறு இல்லீங்க" என்றாள்.

கூட்டமே சிரித்தது, ரசியா.

"சேரிக்காரி காச்சி எங்கப்பாரு குடிச்சாரா? நல்லாருக்கு கதை" என்றார் பண்ணை. தாசில்தார் அம்மாவைப் பார்த்து எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் தெருவுக்கு ஏது எழுத்து?

அந்தப் புயல் சமயத்தில் தர்காவை நிர்வாகம் பண்ணியவர் உன் வாப்பாவின் அண்ணன், உன் பெரியவாப்பா. அவர்தான் கதவைத் திறந்துவிட்டார் என்று அம்மா சொல்கிறாள். அவர் இப்போது பினாங்கில் உன் வீட்டில் இருக்கிறார். அவரைக் கேள். அடுத்த கூட்டம் அக்டோபர் கடைசியில்.

அம்சம்


பினாங்கு
9-8-1972

அன்புள்ள அம்சம்,

உன் கடிதத்தைப் பெரியவாப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பேச்ச விடும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை விளங்காது. சாப்பாடு நான்தான் ஊட்டுகிறேன். பத்து நாளும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு அவரே என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா பேரு காத்தாயி. புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு மாரளவு தண்ணியில வந்துச்சு" என்று ஆரம்பித்தார். அந்தப் பிள்ளை நீதான், அம்சம். தர்கா மேட்டைத் தவிர ஊரே தண்ணீருக்குள் இருந்ததாம். இவர் கதவைத் திறந்து விட்டாராம். உங்கள் தெரு முழுக்க வந்தது. மாதா கோயில் கூரை போய் அவர்களும் வந்தார்கள். பண்ணை வீட்டு ஓடு பறந்து அவர்களும் வந்தார்கள். பண்ணைப் பத்தாயத்தில் நனைந்த அரிசி, மாதா கோயில் தோப்பில் விழுந்த தேங்காய், கஞ்சி காய்ச்சத் தர்காவின் பெரிய தேக்சா. மற்றவர்களெல்லாம் நடுங்கிக்கொண்டு கிடக்க, உன் அம்மாதான் எழுந்து அடுப்பை மூட்டினார். "மொத நாளு பெரிய பண்ணை தொடல. ரெண்டாம் நாளு ரெண்டு கையையும் நீட்டுனாரு. நான் பாத்தேன்" என்றார். வைத்தியலிங்கத்தின் அப்பாவைத்தான் சொல்கிறார்.

உயிர் பிழைத்த அந்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுவது என்று அங்கேயே எல்லாருமாகப் பேசி முடிவு செய்தார்களாம். கந்தூரி அப்படித்தான் வந்தது. ஆனால் அடுத்த வருஷமே பெரிய பண்ணை ஆளனுப்பினார்: வரிசையைப் பிரித்தால்தான் அரிசி.

"கயித்த யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காத்தாயி வெள்ளெனவே வந்துட்டா. மறுபடி தான்தான் காச்சணும்னு நெனச்சிக்கிட்டு அகப்பையோட நின்னா. நாந்தான் அத வாங்கி வச்சிட்டு, அந்தப் பக்கமாப் போயி நில்லுன்னேன். ஒண்ணுஞ் சொல்லாமப் போனா."

மறுவருஷம் அவர் கப்பலேறிவிட்டார். நிர்வாகம் வாப்பாவிடம் வந்தது. இத்தனை வருஷம் ஊருக்குப் போகாததற்குக் கடை வியாபாரம்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். இடது கைப் பெருவிரலை உருட்டி வைத்தார். அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. ஆனால் அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நான் உனக்கு எழுதுவது எப்படியோ தெரிந்து வாப்பாவின் கடிதம் வந்தது: தெற்குத் தெருவுக்கு ஒரு வரி எழுதினாலும் அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே என்கிறார். அந்தக் காகிதம் சபையில் ஏறினால் தலைகுனிவது வாப்பா. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

ரசியா


சங்குக்கோட்டகம்
28-8-1972

ரசியாவுக்கு,

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அகப்பை விஷயத்தை இருபது வருஷமாக அவள் என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னிக்கின்னு பொடவையத் தொவச்சிக் கட்டிக்கிட்டுப் போயிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கந்தூரி கேட்ட தெருவுக்கு இந்தச் சம்பாவில் நடவு கிடையாது, வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவேன் என்று பண்ணை தண்டோரா போட்டுவிட்டார். எங்களில் சிலருக்குப் பயம். கஞ்சிக்காகவா வேலையை விடுவது என்று கேட்கிறார்கள். கஞ்சிக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நீ நாள் கேட்கிறாய். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. உன் வாப்பா உனக்கு எழுதமாட்டார் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் எத்தனை நாள் நிற்பாய்?

அம்சம்


பினாங்கு
15-9-1972

அம்சம்,

இன்று காலை நானே தபால் ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் பண்ணினேன். என் வீட்டுக்காரர் கூட வரவில்லை, தடுக்கவும் இல்லை.

பெட்டியில் இருந்த காகிதத்துக்கு இன்னொரு பிரதியும் எழுதினேன். இரண்டிலும் பெரியவாப்பாவின் பெருவிரல் இருக்கிறது. ஒன்று உனக்கு. இன்னொன்று வாப்பாவுக்கு. அவருக்குத் தெரியாமல் பின்பக்கமாகச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. வாப்பாவுக்கு எழுதியதில் என் வார்த்தை ஒன்றுதான் சேர்த்தேன்: "இது உண்மை வாப்பா, உங்களுக்கும் தெரியும்."

போட்டுவிட்டு ரசீதை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ரிக்‌ஷா பிடித்துத்தான் வீடு வந்தேன்.

ரசியா


சங்குக்கோட்டகம்
29-10-1972

அன்புள்ள ரசியா,

ஜெயித்துவிட்டோம்! முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நடவு. பண்ணை சொன்னபடியே இரண்டு லாரி நிறைய மேற்கே இருந்து ஆட்களை இறக்கினார். நாங்கள் யாரையும் தடுக்கவில்லை. தெருப் பெண்கள் எல்லாரும் வரப்பில் வரிசையாக நின்றோம். வந்தவர்களில் ஒரு வயசான அம்மாள், "எதுக்குடி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். கயிற்றைச் சொன்னேன், அகப்பையைச் சொன்னேன். அவள் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். "நம்மூர்லயும் இதே கயிறுதான். ஏறுங்கடி லாரியில" என்றாள். ஒரு முடி நாற்றுகூட நடாமல் இரண்டு லாரியும் திரும்பிப் போனது. நாலாம் நாள் பண்ணைக் காரியக்காரரே எங்கள் தெருவுக்கு வந்து, "நடவுக்கு வாங்கம்மா" என்று கூப்பிட்டார். அந்த 'வாங்க' எங்கள் தெரு கேட்ட முதல் 'வாங்க'!

நேற்றுத்தான் கூட்டம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில். தாசில்தார், போலீஸ், பண்ணை, சவரிமுத்து வாத்தியார், நாங்கள் அறுபது பேர். உன் வாப்பா கடைசியாக வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் இறுகிப்போயிருந்தது.

"எழுத்துல ஏதாச்சும் இருக்காம்மா?" என்று தாசில்தார் என்னைக் கேட்டார். இருக்கிறது என்று காகிதத்தைப் பிரித்தேன். அதற்குள் உன் வாப்பா எழுந்துவிட்டார். "நீ உக்காரும்மா. இது என் வீட்டு விஷயம், நான் படிக்கிறேன்" என்று ஜிப்பாப் பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார்.

படித்தார், ரசியா. ஒரு வரி விடவில்லை. பெரிய பண்ணை இரண்டு கையையும் நீட்டியதைப் படித்தார். கயிறு கட்டியதைப் படித்தார். அகப்பையை வாங்கிய இடம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து அந்த வரியைப் படித்தார்.

பண்ணை எழுந்தார். "என்ன பாய் இது? அங்கேருந்து உங்க அண்ணன் ஒரு காயிதம் அனுப்பிட்டா ஆச்சா?"

"அண்ணன் ஒரு வருஷந்தான் கட்டுனாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்தக் கயித்தக் கட்டுனவன் நான். என் கையாலதான் முடிச்சுப் போட்டேன். எனக்கு எந்தக் காயிதமும் வேணாம், எனக்கே தெரியும்" என்றார் உன் வாப்பா. பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "காத்தாயி அம்மா, நீங்க சொன்னது அத்தனையும் நெசம். அன்னிக்குச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்."

தாசில்தார் பேனாவை உருட்டிக்கொண்டே, "இப்ப மாமூல்னு எதை எழுதறது? மொத வருஷத்ததா, ரெண்டாவது வருஷத்ததா?" என்றார்.

அம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மொத வருஷந்தாங்க எல்லாரும் உசுரோட இருக்கணும்னு நெனச்சோம். அத எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்! கயிறு இல்லை, ஒரே வரிசை, கொடி எல்லாத் தெருவுக்கும் போகும். பண்ணை கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமலே உத்தரவு ஆகிவிட்டது. எங்கள் பையன்களில் சிலர் சங்கத்துச் சிவப்புக் கொடியையும் நாலாவதாகச் சேர்க்கச் சொன்னார்கள். வேண்டாம், அந்த மூன்றும் நம் தெருவுக்குள் வரட்டும், அது போதும் என்றேன்.

வெளியே வந்ததும் உன் வாப்பா என்னை நிறுத்தினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ரசியா எழுத்து நல்லாருக்கு, இல்ல?" என்றார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்சம்


பினாங்கு
13-11-1972

அன்புள்ள அம்சம்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பெரியவாப்பாவிடம் படித்தபோது வாப்பா எழுந்து நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "தம்பி நின்னுக்கிட்டா படிச்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா நின்னான்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். என் மகள் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுச் சீனத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நேற்று வாப்பாவின் கடிதமும் வந்தது. மூன்றே வரி. "உன் பிரதி கிடைத்தது. அண்ணனின் உடம்பைப் பார்த்துக்கொள். மாதம் தவறாமல் எழுது."

கந்தூரியன்று என்ன நடந்தாலும் ஒன்றுவிடாமல் எழுது. பண்ணை ஏதாவது கலகம் செய்வாரோ என்று பயமாக இருக்கிறது. பெரியவாப்பாவும் தினம் நாள்காட்டியைக் கேட்கிறார்.

ரசியா


சங்குக்கோட்டகம்
2-12-1972

அன்புள்ள ரசியாவுக்கும் பெரியவாப்பாவுக்கும்,

கலகம் எதுவும் இல்லை. கலகத்துக்கென்று வந்த போலீஸ்காரர்கள் ஆளுக்கு மூன்று கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள்.

முந்தாநாள் விடிந்ததிலிருந்து தூறல். நனைந்தாலும் பறை கேட்க வேண்டும் என்று எங்கள் தெரு ஆட்கள் வைக்கோல் தீ மூட்டிக் காய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். நாலு வருஷம் அடிக்காத கை. ஒன்பது மணிக்குத் தர்கா வாசலில் மூன்று கொடியும் எழும்பியது, முதல் பறையடி விழுந்தது. வேட்டு வெடித்தாற்போல் இருந்தது. உங்கள் தெரு, கோயில் தெரு, மாதா கோயில் தெரு என்று ஒன்று விடாமல் சுற்றியது. பண்ணை வீட்டு வாசல் கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக அங்கே நின்று மரியாதை வாங்கிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை பறை நிற்காமல் தாண்டியது.

எங்கள் தெரு முனை வந்தது. கால் பழகிப்போய்விட்டது போலிருக்கிறது, கொடி பிடித்தவர்கள் தானாகவே திரும்பப் பார்த்தார்கள். "நேராப் போங்க, நேராப் போங்க!" என்று தெருவே கத்தியது. பச்சைக் கொடியைப் பிடித்திருந்தவர் உன் வாப்பா. முதல் அடியை அவர்தான் எடுத்து வைத்தார். முட்டிவரை சேறு. ஒரு வீட்டையும் விடவில்லை. நாற்பத்திரண்டு வாசலிலும் நின்றது. ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீர், சூடம், ஊதுபத்தி, மெழுகுவத்தி, யாருக்கு எது கிடைத்ததோ அது. பட்டாவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சில பேர் அதையும் எடுத்து வந்து கொடிக்குக் காட்டினார்கள். வாத்தியார், "இதென்ன கொடியா, சாமியா, தாசில்தாரா?" என்று கேலி செய்தார். கேலி செய்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவைக் கடக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. கஞ்சிக்கு நேரமாகிறது என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். காத்திருக்கட்டும் என்று நான் சொன்னேன். காத்திருந்தார்கள்.

அம்மா அதற்கு முன்பே தர்காவுக்குப் போய்விட்டாள். யாரும் அவளை அழைத்து உட்கார வைக்கவில்லை, யாரும் அகப்பையை எடுத்து நீட்டவும் இல்லை. அவளே போனாள், அவளே எடுத்தாள், தேக்சாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். உன் உம்மா விறகு தள்ளினார்கள். இரண்டு பேரும் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

கிணற்றடியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஒரே வரிசை; இடம் போதாமல் வாய்க்கால் கரைவரை போனது. பண்ணை வரவில்லை. அவர் ஆட்களில் பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை நிறைந்த பிறகு, எல்லாரும் குடிக்க ஆரம்பித்த பிறகு, பண்ணையின் அம்மா பிரகதாம்பாள் ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். வரிசை நடுவே இடம் தேடினார். எங்கள் தெருப் பொன்னுத்தாய் நகர்ந்து உட்கார்ந்தாள். ஆச்சி உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினார். அம்மா ஊற்றினாள்.

"காத்தாயி, என்னை ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. மூணாம் நாளு ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சீங்க."

"மூணு தடவடி" என்றார் ஆச்சி. "ரெண்டுன்னு ஏன் கொறைக்கிறே?"

அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. ஜூன் மாசத்துச் சிரிப்பு இல்லை, ரசியா. அம்மாவும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

அடுத்த வருஷத்துக்குக் கமிட்டி போட்டாகிவிட்டது. தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தர் பெண். தலைவர் உன் வாப்பா. செயலாளர் நான். பெரியவாப்பாவைக் கப்பலில் ஏற்ற முடியுமா என்று டாக்டரைக் கேள். முடியாது என்றால் நீயாவது வா. உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா.

எல்லாரும் போன பிறகு தேக்சாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் வாத்தியார் வந்து, "இருவது வருஷம் கழிச்சு ஜெயிச்சிட்டீங்க காத்தாயி. இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அம்மா கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"உப்பு ஒரு பிடி கம்மி வாத்தியாரய்யா. அடுத்த வருஷம் சரிபண்ணிடுறேன்" என்றாள்.

உன்
அம்சம்